பகிடியும் காதலும்: நான் பார்த்த சில படங்கள்

"எங்கை எல்லாரும் சேர்ந்து வெளிக்கிட்டாச்சு?" என்று பஸ் தரிப்பிடத்தில் நின்ற வயதான ஐயா ஒருவர் கேட்டார்.

"யாழ்ப்பாணத்துக்கு ஐயா. படம் பார்க்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு றோட்டிலை இருந்த பிள்ளையெல்லோ நீ? இப்ப படம் பார்க்கப் போறியோ?" என்றார்.

2025 ஆம் ஆண்டு வைகாசி மாதம் அது. கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள எமது சிறுசேமிப்புக் குழுவிலிருந்து ஒன்பது பெண்கள், பூ வைக்கிறவர்கள் வைத்தும் வைக்காதவர்கள் வைக்காமலும், காலை பஸ்ஸுக்காக நின்றோம். ஒன்பது பேரில் நால்வர் கணவனை இழந்தவர்கள். இருவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். அந்த இருவரில் நான் ஒருத்தி.

அந்த ஐயா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. 2017 ஆம் ஆண்டு மாசி மாதம் 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, கணவரின் படத்தை மடியில் வைத்தபடி நானும் அங்கே இருந்தேன். பிறகும் பல நாட்கள் போனேன். இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி ஆனையிறவு தாண்டும் வரை எனக்குள் குத்திக்கொண்டே வந்தது. பக்கத்துச் சீற்றில் இருந்த குழுத் தலைவி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் படத்தைப் பிடிச்சு எவ்வளவு அழுதிட்டம். இந்தப் படத்துக்குக் கொஞ்சம் சிரிப்பம். பேசாமல் வா" என்றார்.

நான் சினிமாவைப் பற்றி எழுதுமளவுக்குப் படித்தவள் அல்ல. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவள். ஆனால் படம் பார்க்கிற பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. 1990 இற்குப் பிறகு மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடி, விடியும் வரை மூன்று படம் தொடர்ந்து பார்த்த தலைமுறை நாங்கள். மூன்றாவது படம் ஓடும்போது முக்கால்வாசிப் பேர் பாயில் நித்திரை. நான் மட்டும் விழித்திருப்பேன். பகிடிப் படமும் காதல் படமும்தான் எனக்கு விருப்பம். சண்டைப் படம் வேண்டாம். வெடிச்சத்தம் நான் காசு கொடுத்துக் கேட்கிற பொருள் அல்ல.

நாங்கள் அன்று பார்க்கப் போனது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற் படம். 2025 மே முதலாம் திகதி வெளியானது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக நடித்திருக்கிறார்கள். பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் இலங்கையிலிருந்து படகேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளித்து வாழும் குடும்பத்தின் கதை. இப்படி ஒரு கதையைப் பகிடியாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. 2022 ஆம் ஆண்டு பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று களைத்து, இருந்த நகையை விற்று, மன்னார்க் கடலால் தனுஷ்கோடிக்குப் போன குடும்பங்களை எமக்குத் தெரியும். எமது பக்கத்திலிருந்தும் போனார்கள். அதில் என்ன பகிடி?

படம் தொடங்கிக் கடற்கரை இருட்டைக் கண்டதும் எங்கள் வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பக்கத்தில் இருந்த தங்கச்சி கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் குடும்பத்தின் சின்னப் பொடியன் வாயைத் திறந்த பிறகு எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வீடுகளிலும் இப்படி ஒன்று இருக்கிறது அல்லவா? பெரியவர்கள் எல்லோரும் நடுங்கும்போது தான் மட்டும் நடுங்காமல் கதை விடுகிற ஒன்று.

படத்தின் பகிடி முழுவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. வாயைத் திறந்தால் இலங்கை ஆட்கள் என்று பிடிபட்டு விடுவார்கள். ஆகவே வெளியில் கதைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தோடு சேரக் கூடாது என்று உறவினர் (யோகி பாபு) படித்துப் படித்துச் சொல்கிறார். தகப்பனோ, கண்டவர் எல்லோருடனும் கதைக்காமல் இருக்க முடியாத மனுசன். அவர் கதைக்கக் கதைக்க எமக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. சகோதரிகளே, கொழும்பில் லொட்ஜில் நின்ற காலத்தில், பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்காதே என்று பிள்ளையின் வாயைப் பொத்திய தாய்மார் எங்களில் எத்தனை பேர்? சோதனைச் சாவடியில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? அன்று நடுங்கினோம். அன்றைய நடுக்கத்துக்குள்ளும் ஒரு பகிடி இருந்திருக்கிறது என்பதை இந்தப் படத்தில்தான் கண்டேன்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். சசிகுமாரின் கதை சில இடங்களில் எங்கள் தமிழாகவும் சில இடங்களில் எந்த ஊரிலும் இல்லாத தமிழாகவும் போகிறது. சிம்ரன் நன்றாகச் செய்திருக்கிறார், ஆனால் அந்தத் தாய்க்குக் கதையில் வேலை போதாது. கடல் கடந்து இரண்டு பிள்ளைகளைக் கொண்டு போன பெண்ணுக்குச் சொல்ல ஒன்றுமே இராதா? அத்தோடு, அந்தக் குடியிருப்பில் எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகி விடுகிறார்கள். உண்மையாகப் போனவர்களுக்கு மண்டபம் முகாமும் பதிவும் விசாரணையும்தான் காத்திருந்தன. அங்கே உள்ள ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "அக்கா, அந்தப் படத்திலை இருக்கிற மாதிரிச் சனம் சென்னையிலை எந்த இடம் எண்டு அறிஞ்சு சொல்லுங்கோவன்." அதுவும் பகிடிதான்.

ஆனாலும் இரண்டு இடங்களுக்காக அந்தப் படத்தை நான் மன்னித்தேன். ஒன்று, குடியிருப்பில் ஒரு வயதான அம்மா இறந்துபோக, ஒருவரை ஒருவர் எட்டிப் பாராமல் இருந்த அயலவர்களை அந்த அகதித் தகப்பன் கூட்டி வந்து செத்தவீட்டை நடத்துவது. எங்கள் ஒன்பது பேரும் அழுத இடம் அது. செத்தவர்களுக்குத் துணி போர்த்தக்கூட நேரமில்லாமல் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். முன்பின் தெரியாத ஒரு மனுசிக்கு ஊர்கூடிச் செத்தவீடு நடப்பதைக் கண்டால் அழாமல் என்ன செய்வது? மற்றது, முடிவில் பொலிஸ் தேடி வரும்போது குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லோரும் எங்கள் தமிழில் கதைக்கத் தொடங்குவது. யார் இலங்கைக் குடும்பம் என்று பொலிசுக்கு விளங்காமல் போகிறது. எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிற ஆட்களைச் சினிமாவில் நிறையக் கண்டிருக்கிறேன். எங்கள் தமிழை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் குடையாகப் பிடித்த ஆட்களை அன்றுதான் கண்டேன்.

இதைச் சொல்லும்போது 'தெனாலி' நினைவுக்கு வராமல் போகாது. 2000 ஆம் ஆண்டு வந்த படம். கே. எஸ். ரவிக்குமார் இயக்கினார், வசனம் கிரேஸி மோகன். கமல்ஹாசன் இலங்கையிலிருந்து போன தமிழராக வருவார். போரினால் மனம் பாதிக்கப்பட்டு எதைக் கண்டாலும் பயப்படுகிறவர். அந்தப் பயம்தான் படத்தின் பகிடி. 2002 இல் சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் அதைப் பார்த்தோம். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். கமல் எங்கள் கதையைப் பழகிப் பேசியிருந்ததில் ஒரு பெருமையும் இருந்தது. பாதிப் படத்தில் என் தம்பி எழும்பி வெளியே போய்விட்டான். யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே பதுங்குகிற பிள்ளை அவன். வெளியில் கிணற்றுக்கட்டில் இருந்தவனிடம் போய் "ஏன் எழும்பி வந்தனி?" என்று கேட்டேன். "அக்கா, அந்தாள் என்னைப் போலத்தானே. இதிலை சிரிக்க என்ன கிடக்கு?" என்றான்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் விளங்குகிறது. தெனாலியில் நாங்கள் பயந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். டூரிஸ்ட் ஃபேமிலியில் பயந்தவர்களோடு ஒரே வாங்கில் இருந்து சிரிக்கிறோம். கமலின் நடிப்பில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கிணற்றுக்கட்டில் இருந்த தம்பியையும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் ஆட்களே எங்கள் தமிழில் பகிடி விட்ட காலமும் ஒன்று இருந்தது. அப்பா அடிக்கடி சொல்லுவார். இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நாடகம் போய், பிறகு 1976 இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் படமாகவும் வந்தது. மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் என்று நாலு தமிழும் ஒன்றையொன்று நக்கலடிக்கும். ஒருவரும் மேலே இல்லை, ஒருவரும் கீழே இல்லை. அப்பா அந்தக் குரல்கள் நான்கையும் பேசிக் காட்டுவார். அப்படி ஒரு பகிடி இன்றைக்கு எங்கள் நாட்டில் எழுத ஆள் இருக்கிறதோ தெரியாது.

இனி இன்னொரு விதமான பகிடி. இதைப் பற்றி எழுதும்படி கேட்டவர் எங்கள் குழுவில் உள்ள ஒரு சகோதரி. 2009 இல் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு தையல் மெசின் மிதித்து உழைக்கிறவர். அவருக்குப் பழைய பகிடிக் காட்சிகள் என்றால் உயிர். கவுண்டமணியும் செந்திலும் சேர்ந்து நடித்த 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழப் பகிடியை வசனம் பிசகாமல் சொல்லுவார். ஆனால் ஒரு நாள் சொன்னார்: "அக்கா, எத்தினை படத்திலை நொண்டியையும் திக்குவாயையும் கண் தெரியாததையும் பகிடியா வைச்சிருக்கிறாங்கள் எண்டு எண்ணிப் பாருங்கோ. அந்தக் காட்சி வந்தால் வீட்டிலை எல்லாரும் சிரிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்ரை முகத்தைப் பார்ப்பினம். அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல்." அவருடைய பயம் காட்சியில் இல்லை. தன்னால் மற்றவர்களின் சிரிப்பு நின்றுவிடுகிறதே என்பதுதான்.

அவருக்காகவே 2022 ஆம் ஆண்டு வந்த 'லவ் டுடே' படத்தைக் குழுவில் போட்டோம். பிரதீப் ரங்கநாதன் எழுதி இயக்கி நடித்த படம். காதலிக்கிற இருவரைப் பெண்ணின் தகப்பன் (சத்யராஜ்) கூப்பிட்டு, ஒருவருடைய தொலைபேசியை மற்றவரிடம் ஒரு நாளைக்குக் கொடுக்கச் சொல்கிறார். அதோடு இருவருடைய களவும் வெளியே வருகிறது. எனக்கு அந்தக் காதலர்கள்மீது பெரிதாக இரக்கம் வரவில்லை. கத்தலும் குழறலும் கூட. ஆனால் யோகி பாபு வருகிற பகுதி ஒன்று இருக்கிறது. கட்டப்போகிற பெண் கேட்டும் அவர் தன் தொலைபேசியைக் கொடுக்க மறுக்கிறார். ஏதோ களவு என்று நாமும் நினைக்கிறோம். கடைசியில் பார்த்தால், அவருடைய உடம்பையும் முகத்தையும் கேலி செய்து மற்றவர்கள் அனுப்பியவைதான் அதில் நிறைந்திருக்கின்றன. அதைக் கட்டப்போகிறவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஒளித்திருக்கிறார். எத்தனையோ படங்களில் தலைமயிரையும் வயிற்றையும் காட்டிச் சிரிப்பு மூட்டிய அதே நடிகர், இந்த ஒரு படத்தில் சிரித்தவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். செயற்கைக்கால் சகோதரி அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்து போகும்போது, "இவன் பாவமடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காதல் படங்களுக்கு வருகிறேன். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னால் திரிவதைக் காதல் என்று காட்டும் படங்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. 'ரெமோ' (2016) படத்தில் நிச்சயம் செய்யப்பட்ட ஒரு பெண்ணை மயக்குவதற்குத் தாதி வேடம் போட்டு ஏமாற்றுகிறான் கதாநாயகன். ஊரெல்லாம் சிரித்தது. ஆண் துணை இல்லாத வீட்டில், ரியூசனுக்குப் போகும் மகளின் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று படலையில் நின்று பார்க்கும் தாய்மாருக்கு அதில் சிரிப்பு வராது. என் மூத்தவள் சின்ன வயதில் அந்தப் படத்தை விரும்பிப் பார்த்தாள். இப்போது கேட்டால் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

'96' (2018) வேறு விதம். பள்ளிக்கூடத்தில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் 22 வருடம் கழித்து ஓர் இரவு சந்திக்கிறார்கள். விஜய் சேதுபதி, திரிஷா. இயக்கியவர் சி. பிரேம்குமார். அவள் திருமணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவன் கட்டாமலே இருக்கிறான். அவளுடைய உடுப்பை அவன் மடித்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துகிற இடத்தில் என் மகள்மார் இருவரும் விக்கி விக்கி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. என் அலுமாரியிலும் ஒரு சேட் மடித்தபடி இருக்கிறது. நீல நிறம், காலரில் தையல் விட்டது. அதை எடுத்து வெயிலில் போட்டு, கரப்பான் அரிக்காமல் வேப்பிலை வைத்து, திரும்ப மடிக்கிற வேலை அழகான வேலை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ராமுக்குத் தன் ஜானு எங்கே இருக்கிறாள் என்று தெரியும். விடிந்தால் அவள் எந்த விமானத்தில் போவாள் என்றும் தெரியும். தெரிந்துகொண்டு காத்திருப்பதற்குப் பாட்டுப் போடலாம். அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத காத்திருப்புக்கு எந்தப் பாட்டைப் போடுவது?

இப்படிச் சொன்னதற்காக என் இளையவள் இரண்டு நாள் என்னோடு கோபம். "அம்மா, எல்லாத்தையும் எங்கடை கதையோடை கொண்டுவந்து முடியாதையுங்கோ" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிறகு ஒரு நாள் அவர்கள் பள்ளிக்கூடம் போன நேரம் தனியே இருந்து திரும்பப் பார்த்தேன். இரண்டாம் தரம் அழுதேன்.

காதல் என்றால் இருபது வயதுக்காரருக்கு மட்டும் என்று நினைக்காத படங்களும் இப்போது வருகின்றன. 2024 இல் வந்த 'லப்பர் பந்து' கிரிக்கெற் படம் என்று சொல்லி நான் பார்க்காமல் விட்டிருந்தேன். தமிழரசன் பச்சமுத்துவின் படம். மகளின் காதல் ஒரு பக்கம் போக, எனக்குப் பிடித்தது தாயும் தகப்பனும்தான். சாதி மாறிக் காதலித்துக் கட்டியவர்கள். கட்டுகிற வயதில் மகள் இருக்கும்போதும் தகப்பன் மட்டையும் கையுமாகத் திரிகிறார். மனைவி யசோதா (சுவாசிகா) கோபத்தில் உழவு மெசினைக் கொண்டுபோய் விளையாட்டு மைதானத்தையே உழுது விடுகிறாள். எங்கள் குழுவில் அந்த இடத்துக்குக் கைதட்டல். அந்தக் கோபத்துக்குள் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பது குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் விளங்கும்.

2019 இல் ஹலிதா சமீம் எடுத்த 'சில்லுக்கருப்பட்டி'யில் நாலு சின்னக் கதைகள். அதில் ஒன்றில் மனைவியை இழந்த முதியவர் ஒருவரும் தனித்து வாழும் ஒரு அம்மாவும் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடி நடந்து திரிந்து மெல்ல மெல்ல நெருங்குகிறார்கள். சத்தமில்லாத கதை. எங்களில் ஒரு தங்கச்சி இருக்கிறார். கணவர் இறந்தபோது வயது 23. இப்போது ஒருவர் மனம் விரும்பிக் கேட்கிறார். தங்கச்சிக்கும் விருப்பம். மாமன் மச்சான் தொடக்கம் கோயில் சபைவரை தடுப்பதற்கு ஆள் இருக்கிறது. அவர் அந்தக் கதையைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளைக்கு எண்டால் எழுபது வயசிலையும் ஆரும் ஒண்டும் சொல்லாயினம் என்ன அக்கா?" என்று கேட்டார். ஆனால் போகும்போது பென் டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பகிடிப் படத்தில் எங்கள் சனம் சிரிக்காமல் விட்டதும் ஒன்று உண்டு. 2025 தையில் வந்த 'குடும்பஸ்தன்'. மணிகண்டன் நடித்தது. வேலை போனதை வீட்டுக்கு மறைத்து, கடனுக்கு மேல் கடன் வாங்கி மாட்டுப்படுகிற ஒரு குடும்பக்காரனின் கதை. நல்ல படம். நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனுக்குப் பயந்து பின் வேலியால் போன பெண்கள் எங்கள் குழுவில் ஐந்து பேர். கடன்காரனின் தொலைபேசி அடிக்கிற காட்சி வரும்போதெல்லாம் அந்த ஐவரும் தங்கள் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அதைக் கண்டுதான் எல்லோரும் சிரித்தோம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த படம். 2023 இல் வந்த 'குட் நைட்'. விநாயக் சந்திரசேகரன் இயக்கினார். மணிகண்டனும் மீதா ரகுநாத்தும். கதை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: குறட்டை. மோகன் என்ற பொடியனுக்குப் பயங்கரமான குறட்டை. 'மோட்டார் மோகன்' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். தன்னை ராசி இல்லாதவள் என்று நினைத்து ஒடுங்கி வாழும் அனு என்ற பெண்ணைக் காதலித்துக் கட்டுகிறான். கட்டிய பிறகுதான் அவளுக்கு இரவு நித்திரை இல்லை என்று தெரிகிறது. அவள் சொல்லாமல் தாங்குகிறாள். அவனுக்குக் குற்ற உணர்ச்சி. வில்லன் இல்லை, வெட்டுக் குத்து இல்லை, வெளிநாட்டில் பாட்டு இல்லை. ஒரு மனுசன் நித்திரை கொள்கிறான், பக்கத்தில் ஒரு மனுசி விழித்திருக்கிறாள். அதற்குள் எவ்வளவு பகிடி, எவ்வளவு அன்பு! 'ராசி இல்லாதவள்' என்ற சொல்லை ஒரு பெண் எவ்வளவு பாரமாகச் சுமக்கிறாள் என்பதையும் ஒரு பிரசங்கமும் இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். நல்ல காரியங்களில் பின்னுக்கு நிற்கப் பழகிய எங்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

என் கணவரும் குறட்டைக்காரர். கட்டிய புதிதில் நானும் அனுவைப் போலத்தான், சொல்ல வெட்கப்பட்டு விழித்துக் கிடந்தேன். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் பக்கம் போய்ச் சேர்ந்த நேரம், பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்தபடி நான் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் தடியைத் தூக்கி, மண் வெட்டி, தண்ணீருக்கு அலைந்த களைப்பில் சாய்ந்த உடனே குறட்டை விடுவார். "செல் விழுகுது, உங்களுக்கு என்ன நித்திரை" என்று உலுப்பினால், "சத்தம் கேட்டாத்தானே பயம். என்ரை சத்தத்திலை செல்லுச் சத்தம் கேக்காது, படு" என்பார். பங்கருக்குள் சிரித்திருக்கிறோம். சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சிரித்தோம்.

அந்த வைகாசியில் வட்டுவாகலடியில் சனத்துக்குள் அவரைப் பிரிந்தேன். அதன் பிறகு செட்டிகுளம் முகாமில், பக்கத்துக் கூடாரத்தில் யாரோ ஒரு மனுசன் இரவெல்லாம் குறட்டை விட்டார். மற்றவர்கள் ஏசினார்கள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். அந்தக் குடும்பத்தை வேறு பகுதிக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு நித்திரை இல்லாமல் போனது.

'குட் நைட்' படத்தை வீட்டில் பார்த்தபோது மாமியும் இருந்தார். கணவரின் தாய். 80 வயதைக் கடந்தவர். 1964 இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் படக்கதை சொல்லிப் பயமுறுத்துகிற காட்சியைத் தவிர வேறு எந்தப் பகிடிக்கும் சிரிக்க மாட்டார். 2009 இற்குப் பிறகு அதற்கும் சிரித்ததில்லை. கதிரையில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தோம். மோகனின் முதற் குறட்டைச் சத்தம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இதென்ன குறட்டை. என்ரை பொடியன்ரை குறட்டைக்குக் கிட்ட நிக்குமோ?" என்றார்.

நாங்கள் மூவரும் திகைத்துப் போனோம். அந்த வீட்டில் அவரைப் பற்றிக் கதைப்பதென்றால் அழுகையோடுதான் இவ்வளவு காலமும் கதைத்தோம்.

"தேப்பன்ரை குறட்டையடி அது. பரம்பரைச் சொத்து. நான் கலியாணம் கட்டி வந்த முதல் இரவு, வீட்டுக்குப் பின்னாலை பண்டி நிக்குது எண்டெல்லோ கத்தினனான்!" என்று சொல்லி மாமி சிரிக்கத் தொடங்கினார். மூத்தவள் சிரித்தாள். இளையவள் நிலத்தில் உருண்டாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக மூச்சு முட்டியது. படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்தப் படத்தை முடிவு வரை பார்க்கவில்லை. விடிய மூன்று மணிக்கு எழும்பி மா அவிக்க வேண்டும் என்று நான் எழும்ப, மாமி, "உந்தக் குறட்டை வாற இடத்தை இன்னொருக்காப் போட்டுவிட்டுப் போ" என்றார்.